எந்த பிரவுசர் வரை ஓட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்து வெள்ளிப் பட்டறைகளுக்குக் கணக்கு வைக்கும் ஒரு திறமூல மென்பொருளை (யாரும் நிரலைப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம்) நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிப் பராமரிக்கிறோம். வியாபாரி எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தார், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வைப்பதுதான் அதன் வேலை. அதையே கொஞ்சம் மாற்றி ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிப் பழ எடை எழுதவும் பயன்படுத்துகிறார்கள். எல்லாமே பிரவுசருக்குள் ஓடுவது. பட்டறைக்காரர்கள், எஸ்டேட் ரைட்டர்கள், நிரல் எழுத வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பிரவுசர் விஷயத்தில் வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

பிரவுசர்னா பிரவுசர்தானே? இதுல தனியா முடிவெடுக்க என்ன இருக்கு?

பெயர்கள் ஏராளம். பக்கத்தைப் படித்துத் திரையில் காட்ட உள்ளே இருக்கும் இயந்திரம் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாம் பிளிங்க் இயந்திரத்தில் ஓடுகின்றன. சஃபாரிக்கு வெப்கிட், ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ. நாமக்கல்லில் ஒரே சேசிஸ்மேல் ஆளுக்கொரு விதமாக லாரி பாடி கட்டுகிறார்களே, அந்த மாதிரி. முன்பு இப்படி இல்லை. ஓபராவுக்குப் பிரெஸ்டோ என்று சொந்த இயந்திரம் இருந்தது. 2013-ல் அதைக் கைவிட்டார்கள். மைக்ரோசாஃப்டும் 2020 ஜனவரியில் எட்ஜை, குரோமின் திறமூல அடிப்படையான குரோமியத்துக்கு மாற்றிவிட்டது.

அதனால் நாங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. எந்த இயந்திரம், எந்தப் பதிப்பிலிருந்து என்பதைத்தான் பார்க்கிறோம். எங்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை பதிப்பு பழசாக இருப்பதால் வருபவை. இயந்திரம் வேறாக இருப்பதால் வருபவை குறைவு.

"ஆதரிக்கிறோம்"னு போட்டிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

அந்த பிரவுசரில் ஏதாவது உடைந்தால் அது எங்கள் பிழை, நாங்கள் திருத்துவோம் என்று அர்த்தம். ஆதரிக்காத பிரவுசரில் ஓடவே ஓடாது என்று அர்த்தமில்லை. ஓடலாம், உடைந்தால் அதற்காக யாரும் ராத்திரி கண் விழிக்க மாட்டோம். சம்பளம் வாங்காமல் செய்யும் திட்டத்தில் இந்த வார்த்தையை அளந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

யாஹூ 2006 வாக்கில் பிரவுசர்களை ஏ, சி, எக்ஸ் என்று தரம் பிரித்து ஒரு பட்டியல் போட்டது. ஏ தரத்துக்கு முழு வசதியும் உண்டு. சி தரத்துக்கு அலங்காரமும், பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் இல்லாமல் வெறும் உள்ளடக்கம் போகும். எக்ஸ் என்பது சோதித்துப் பார்க்காதது. விக்கிப்பீடியாவை நடத்தும் மீடியாவிக்கியும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பழைய பிரவுசரிலும் கட்டுரையைப் படித்துவிடலாம். எங்கள் பட்டியலிலும் இதே மூன்று படிகள்தான்: முழுசாக, பார்க்க மட்டும், உங்கள் பாடு.

சரி, இப்போ எதெல்லாம் பட்டியல்ல இருக்கு?

குரோம், எட்ஜ் 109-லிருந்து. ஃபயர்பாக்ஸ் 115-லிருந்து. ஐபோன், ஐபேடில் ஐஓஎஸ் 15.4-லிருந்து. இவற்றுக்கு முழு ஆதரவு உண்டு. இதைவிடப் பழசானால் நிலுவை பார்க்கலாம், ரசீது திறக்கலாம். புதிதாக எழுத முடியும் என்று உறுதி சொல்ல மாட்டோம். 109, 115 என்று ஏன் உருண்டையில்லாத எண்கள் என்றால், விண்டோஸ் 7 பற்றிய கேள்விக்குப் போங்கள்.

எல்லார்கிட்டயும் குரோம்தாங்க இருக்கு. குரோம்ல மட்டும் ஓடினா போதாதா?

ஒரு காலத்தில் எல்லோரிடமும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 இருந்தது. 2001-ல் வந்தது, அடுத்த பதிப்பு வர 2006 ஆனது. போட்டி இல்லாததால் ஐந்து வருடம் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில் அதற்கென்றே, அதற்குள் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் நிரல் துணுக்குகளை நம்பியே எழுதிய தளங்கள் பின்னாடி பட்ட பாட்டை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக்கொண்டு பழைய எக்ஸ்ப்ளோரரைத் தேடி அலைந்த எந்த ஆடிட்டர் ஆபீஸில் கேட்டாலும் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மூடிய பிறகும், அந்தத் தளங்களுக்காகவே எட்ஜுக்குள் ஒரு எக்ஸ்ப்ளோரர் முறையை விட்டுவைக்க வேண்டி வந்தது.

இன்னொரு காரணம் சுயநலமானது. குரோமில் மட்டும் சோதித்தால் நம் பிழையே நமக்குத் தெரியாமல் போகும். தேதியை 5-3-2024 என்று எழுதி ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், குரோம் தானாக ஏதோ ஒன்றை ஊகித்து வாங்கிக்கொள்ளும். மார்ச் 5-ஐ மே 3 ஆக்கியும் விடும். கண்டிப்பான இயந்திரம் ஒன்றில் அதே நிரலை ஓட்டினால் தேதி செல்லாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். கூலிக் கணக்கில் இரண்டு மாத வித்தியாசம் என்ன வம்பு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது இயந்திரத்தை ஆதரிப்பது முதல் இயந்திரத்துக்கும் காப்பு.

ஐபோன்லயும் குரோம்தான் போட்டிருக்கேன். அப்புறம் ஏன் "சஃபாரி பிரச்சினை"ன்னு பதில் வருது?

ஐபோனில் குரோம் என்பது பெயருக்கும் தோற்றத்துக்கும்தான். ஆப்பிள் விதிப்படி ஐஓஎஸ்ஸில் எந்த பிரவுசரும் வெப்கிட்டைத்தான் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024 மார்ச்சில், ஐஓஎஸ் 17.4-லிருந்து, விலக்கு கொடுத்தார்கள். அது நமக்கு இல்லை.

வெப்கிட் ஐஓஎஸ்ஸோடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் போய் குரோமை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். ஐபோன் 6 வைத்திருப்பவர் ஐஓஎஸ் 12-ஐத் தாண்ட முடியாது, ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஐத் தாண்ட முடியாது. அதில் எந்த பிரவுசரைப் போட்டாலும் இயந்திரம் அதேதான். பட்டியலில் "சஃபாரி" என்று எழுதாமல் "ஐஓஎஸ்" என்று எழுதியிருப்பது இதனால்தான்.

அண்ணா, ஸ்டேட்கவுண்டர்ல பார்த்தேன், இந்தியாவுல ஃபயர்பாக்ஸ் ரொம்பக் கம்மி. அதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க?

அந்தப் புள்ளிவிவரம் பொய் இல்லை தம்பி. ஆனால் அது எண்ணுவது பக்கப் பார்வைகளை. அதுவும் சமையல் குறிப்பு, கிரிக்கெட், செய்தி என்று எல்லாத் தளங்களிலும் சேர்த்து. அதில் பெரும்பகுதி போன். எங்கள் மென்பொருளைத் திறந்து காலை முதல் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மேசைக் கணினி. இரண்டும் ஒரே கூட்டம் அல்ல.

சொந்தப் பதிவைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்றால், அங்கேதான் திறமூலத்தின் சிக்கல் வருகிறது. ஒரு நிறுவனத்தின் தளம் என்றால் வருகிற ஒவ்வொருவரின் பிரவுசரும் அவர்கள் சர்வர் பதிவில் விழும். எங்களுடையதை அவரவர் இறக்கி அவரவர் கணினியில் நிறுவிக்கொள்கிறார்கள். யார் எங்கே எதில் ஓட்டுகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒற்றுநிரல் சேர்ப்பதாகவும் இல்லை. வெள்ளிக் கணக்கு எழுதுகிற இடத்தில் "உங்கள் கணினியிலிருந்து ஏதோ வெளியே போகிறது" என்ற பேச்சு கிளம்பினால் அன்றோடு மென்பொருள் போச்சு. அதனால் இரண்டு வழிதான் வைத்திருக்கிறோம். உதவிப் பக்கத்தில் இயந்திரமும் பதிப்பும் தெரியும், பிழை சொல்பவர் அதை நகலெடுத்து அனுப்பலாம். அப்புறம், யாராவது பட்டறைக்கு நேரில் போனால் திரையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

எண்ணிக்கை கிடைத்தாலும் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன். யாருடைய வேலை நிற்கும் என்பது என் முதல் கேள்வி. போனில் நிலுவையை எட்டிப் பார்க்கிற நூறு பேருக்கு ஒரு நாள் பக்கம் கோணலாகத் தெரிந்தால் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். மொத்தப் பட்டறைக்கும் சனிக்கிழமை கூலி போடும் ஒரே கணினியில் சேமிக்கும் பொத்தான் வேலை செய்யாவிட்டால் அத்தனை வீட்டிலும் தெரியும். அந்தக் கணினிகளில் சில, பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள். பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்த்து வந்தவை அவை. லினக்ஸ் என்றால் பெரும்பாலும் ஃபயர்பாக்ஸ்தான்.

எங்க கடை கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7-ங்க. மாத்தச் சொல்லிடாதீங்க.

மாற்றினால் நல்லது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. ஆனால் பில் பிரிண்டரின் டிரைவர் அதில்தான் ஓடும் என்கிற கடைகளையும் பார்க்கிறோம், அதனால் உடனே மாற்றச் சொல்லவில்லை.

விண்டோஸ் 7-ல் போகக்கூடிய கடைசி குரோம் 109. 2023 ஜனவரியில் வந்தது. அதற்கு மேல் விண்டோஸ் 10 வேண்டும். ஃபயர்பாக்ஸில் கடைசி 115. அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால், மொசில்லா பழைய விண்டோஸுக்காக அதன் கெடுவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்துத் திருத்தம் கொடுத்தது. ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை ஃபயர்பாக்ஸ் 115. குரோம் 109 ஓடும், ஆனால் அதில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை யாரும் அடைக்கப் போவதில்லை. வங்கி வேலையை அந்தக் கணினியில் செய்யாதீர்கள். கணக்கு மட்டும் போதும்.

பழைய ஆண்ட்ராய்டு போன்ல பக்கமே திறக்கல. "இணைப்பு பாதுகாப்பானதல்ல"ன்னு வருது. உங்க சாஃப்ட்வேர்ல கோளாறா?

பெரும்பாலும் இல்லை. இது எங்கள் நிரல் வந்து சேர்வதற்கு முன்னாலேயே நடக்கிறது. எங்கள் மென்பொருளை வாடகை சர்வரில் வைத்திருப்பவர்கள் பலரும் தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்ட லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் இலவசச் சான்றிதழைப் போடுகிறார்கள். அதன் மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-லிருந்துதான் போன் தானாக நம்பும். அதற்கு முந்தைய போன்களுக்காகப் பழைய சான்றிதழ் ஒன்றோடு முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏற்பாடு 2024-ல் முடிந்தது. போனில் தேதி தப்பாக இருந்தாலும் இதே செய்திதான் வரும், முதலில் அதைப் பாருங்கள்.

ஃபயர்பாக்ஸ் நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னோடே கொண்டுவருகிறது. அதனால் அதே போனில் ஃபயர்பாக்ஸ் இருந்தால் பக்கம் திறக்க வாய்ப்புண்டு. திறந்தாலும் எங்கள் பட்டியலில் அந்தப் பதிப்பு இருக்க வேண்டுமே. குரோமைப் பொறுத்தவரை ஆண்ட்ராய்டு 6-ல் கடைசி 106, ஆண்ட்ராய்டு 7-ல் 119, 8-லும் 9-லும் 138. பட்டியலில் உள்ள 109-ஐ வைத்துப் பார்த்தால் ஆண்ட்ராய்டு 7 உள்ளே, 6 வெளியே.

ஜியோபோன்ல வருமா?

வராது. 2017-ல் வந்த அந்தப் போனில் இருக்கும் கைஓஎஸ் இயங்குதளத்தின் பிரவுசர் இயந்திரம் ஃபயர்பாக்ஸ் 48 காலத்தது. கூலி விவரம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, அதுவே நல்ல வழி.

ஓபரா மினி?

பார்க்க மட்டும். அதன் அதிகபட்சச் சிக்கன முறையில் பக்கம் ஓபராவின் சர்வரில் தயாராகிச் சுருக்கப்பட்டு வருகிறது; ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறையாகத்தான் ஓடும். எழுதுவதற்கு வேண்டாம்.

"கடைசி இரண்டு பதிப்புகள்"னு ஒரே வரியில முடிச்சுடலாமே? நிறைய திட்டங்கள் அப்படித்தான் போடுது.

போடுகிறார்கள். கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் குரோமும் ஃபயர்பாக்ஸும் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு விட்டுவந்த வேகத்தில் கடைசி இரண்டு என்பது இரண்டே மாதம். சஃபாரியில் பெரிய பதிப்பு வருடத்துக்கு ஒன்று, அங்கே கடைசி இரண்டு என்பது இரண்டு வருடம். ஒரே வரிக்கு பிரவுசருக்கு பிரவுசர் வேறு அளவு. தவிர, வருடக் கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் ஃபயர்பாக்ஸ் நீண்டகாலப் பதிப்பு இந்த வரிக்குள் வரவே வராது.

இப்போது பேஸ்லைன் என்ற அளவுகோல் இருக்கிறது. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்து சேர்ந்த நாளில் அது "புதிதாகக் கிடைப்பது". அங்கிருந்து 30 மாதம் கழிந்தால் "பரவலாகக் கிடைப்பது". உதாரணத்துக்கு, எழுத்துகளைப் பிரித்து எண்ணும் இன்டல்.செக்மென்டர் வசதி. "கொலுசு" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி. சின்ன ரசீதில் ஐட்டம் பெயரை இடம் பார்த்து வெட்டும்போது குறி எண்ணி வெட்டினால் "கொலு" வரவேண்டிய இடத்தில் "கொல" என்று நின்றுவிடும். வசூலுக்குப் போகிறவர் கையில் அப்படியொரு ரசீது நன்றாகவா இருக்கும்? செக்மென்டர் சரியாக எழுத்தெழுத்தாகப் பிரிக்கும். குரோமில் 2020-லேயே வந்துவிட்டது, சஃபாரியில் 2021-ல். ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில்தான், 125-ஆம் பதிப்பில். ஆக பேஸ்லைன் கணக்கில் அது பரவலாவது 2026 அக்டோபர்.

எங்கள் பட்டியலில் ஃபயர்பாக்ஸ் 115 இருக்கிறது, அதில் செக்மென்டர் கிடையாது. அதனால் இருந்தால் அதைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் துணைக்குறிகளை முந்தைய எழுத்தோடு ஒட்டிவைக்கும் நம் சொந்த நாலு வரியைப் பயன்படுத்து என்று எழுதியிருக்கிறோம். பேஸ்லைன் நல்ல தொடக்கப்புள்ளி. அதற்கு மேல் உங்கள் ஊர்க் கணினிகளைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பிரவுசர்ஸ்லிஸ்ட் கோப்புல எழுதி பேபலுக்குக் கொடுத்துட்டா எல்லாப் பழசுலயும் தானா ஓடிடாதா?

பிரவுசர்ஸ்லிஸ்ட், அதாவது ஆதரிக்கும் பிரவுசர்களை எழுதிவைக்கும் கோப்பு, கட்டாயம் வேண்டும். பட்டியலை ஒரே இடத்தில் எழுதினால் பேபல், ஆட்டோபிரிஃபிக்சர் போன்ற நிரல் மாற்றும் கருவிகள் எல்லாம் அதைப் படித்துக்கொள்ளும். எதுவும் எழுதாமல் விட்டால் அதன் இயல்பு நிலை: அரை சதவீதத்துக்கு மேல் பயன்பாடு உள்ளவை, கடைசி இரண்டு பதிப்பு, ஃபயர்பாக்ஸ் நீண்டகாலப் பதிப்பு, செத்துப்போகாதவை. இந்தியாவில் ஒரு சதவீதத்துக்கு மேல் என்றுகூடக் கேட்கலாம். நாங்கள் சதவீதமே போடாமல் பதிப்பு எண்ணை நேராக எழுதியிருக்கிறோம். சதவீதம் போட்டால் தரவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் யாரும் முடிவெடுக்காமலே பட்டியல் மாறிவிடும்.

பேபல் செய்வது இலக்கண மாற்றம். புது நடையில் எழுதியதைப் பழைய நடைக்கு மாற்றும். பிரவுசரில் இல்லாத வசதியை அது உண்டாக்காது. அதற்குப் பாலிஃபில், அதாவது இல்லாத வசதியை ஈடுசெய்யும் நிரல், வேண்டும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் இல்லாததற்கு அதுவும் பெரும்பாலும் உதவாது. பாலிஃபில் சேர்க்கச் சேர்க்க எடை கூடும், புது போன் வைத்திருப்பவரும் அதைச் சுமக்க வேண்டும். வெளியார் சர்வரிலிருந்து பாலிஃபில் எடுப்பதை அடியோடு தவிருங்கள். பாலிஃபில்.ஐஓ என்ற இணைய முகவரி 2024-ல் கைமாறி, அதே ஜூனில் அதை நம்பியிருந்த தளங்களுக்குத் தீங்குநிரல் போனது. இதனால் பாதிக்கப்பட்டவை லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள்.

பழைய பிரவுசர்னு தெரிஞ்சா ஒரு பலகையை மாட்டி வாசல்லயே நிறுத்திடலாமே?

எப்படித் தெரியும்? பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாள வரியில் குரோம் தன்னை மொசில்லா என்றும் சொல்லிக்கொள்ளும், சஃபாரி என்றும் சொல்லிக்கொள்ளும். எட்ஜ் இத்தனையையும் சொல்லிக் கடைசியில் தன் பெயரையும் ஒட்டும். போனில் "டெஸ்க்டாப் தளம்" என்று தட்டினால் போன் தன்னைக் கணினி என்று சொல்லும். இந்த வரியை நம்பிக் கதவை அடைத்தால், ஓடக்கூடிய பிரவுசரையும் வெளியே நிறுத்திவிடுவோம்.

தேவையான வசதி இருக்கிறதா என்று நேராகக் கேட்பதுதான் வழி. சிஎஸ்எஸ்ஸில் சப்போர்ட்ஸ் விதி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லாவிட்டால் மேலே ஒரு வரி எச்சரிக்கை: "இந்த பிரவுசரில் பார்க்கலாம், எழுதுவதற்கு உறுதியில்லை." அவ்வளவு போதும். பட்டறைக்காரர் பெரியவர், அவருக்குத் தெரியும்.

தராசுல வைக்கிற எடை குரோம்ல தானா விழுது, சஃபாரியில விழலை. ஆதரிக்கிறோம்னு சொன்னீங்களே?

நியாயமான சண்டை. மின்தராசின் சீரியல் கம்பியை யுஎஸ்பி மாற்றி வழியாகக் கணினியில் செருகி, பிரவுசரே நேராக எடையைப் படிப்பதற்கு வெப் சீரியல் என்று ஒரு வசதி. மேசைக் கணினிக் குரோமில் 2021-ல், 89-ஆம் பதிப்பில் வந்தது, எட்ஜிலும் உண்டு. சஃபாரியில் இல்லை. எந்த இணையப் பக்கமும் கணினியில் செருகிய கருவியைத் தொடலாம் என்பது ஆபத்து என்று ஆப்பிள் நினைக்கிறது. ஃபயர்பாக்ஸும் பல வருடம் அதே காரணத்துக்காகத் தள்ளியே வைத்தது. அவர்கள் பயம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் விதி: ஒரே இயந்திரத்தில் மட்டும் கிடைக்கும் வசதியைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அது இல்லாமலும் முழு வேலையும் நடக்க வேண்டும். ஆகவே எடையைக் கையால் அடிக்கும் பெட்டி எல்லா பிரவுசரிலும் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. தராசு அனுப்புவதைக் கீபோர்டில் தட்டிய மாதிரி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே எடை விழும். எந்த பிரவுசர் என்ற பேச்சே எழாது. புதிதாகத் தராசு வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். வெப் சீரியல்தான் வேண்டும் என்று லினக்ஸில் முயல்பவர்கள், சீரியல் கருவியைத் தொட அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்காமல் குரோமைத் திட்டாதீர்கள்.

நாகலூர் பக்கம் எஸ்டேட்டுல டவரே இல்ல சார். ஆஃப்லைன்ல எழுதின எடை ஐபோன்ல காணாமப் போகும்கிறாங்களே, நெசமா?

நடக்கலாம். எப்படி என்று தெரிந்துகொண்டால் தவிர்த்துவிடலாம். பறித்த காப்பிப் பழத்தைச் சாயங்காலம் எடை போடும் இடத்தில் சிக்னல் இருக்காது. ரைட்டர் போனில் எழுதிக்கொண்டே போவார். அது போனுக்குள்ளேயே பிரவுசரின் சேமிப்பில் உட்காரும். டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் சர்வருக்குப் போகும். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இது ஓடுகிறது.

2020 மார்ச்சில் ஆப்பிள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. சஃபாரியைப் பயன்படுத்திய ஏழு நாளில் ஒரு தளத்தை நீங்கள் தொடவே இல்லை என்றால், அந்தத் தளம் போனில் எழுதிவைத்ததை சஃபாரி அழித்துவிடும். விளம்பரக்காரர்கள் பின்தொடர்வதைத் தடுக்க வந்த விதி, எங்களையும் சேர்த்து அடிக்கிறது. மழை பிடித்துப் பறிப்பு நின்ற ஒரு வாரம் போதும். அனுப்பாத எடை போய்விடும். அது ஒருவருடைய கூலி.

இதற்கு வழி, பக்கத்தைப் போனின் முகப்புத் திரையில் சேர்த்து அங்கிருந்தே திறப்பது. அப்படிச் சேர்த்ததற்கு இந்த ஏழு நாள் கெடு இப்படிப் பாயாது. ஐபோனில் முகப்பில் சேர்க்காமல் ஆஃப்லைன் எழுத்தைத் தொடங்கவே விடக்கூடாது என்று நிரலில் வைத்திருக்கிறோம். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது, இருக்கட்டும். ஆண்ட்ராய்டிலும் இடம் பற்றாக்குறை வந்தால் பிரவுசர் தன் சேமிப்பைக் காலி செய்யக்கூடும். அனுப்பாத வரிகள் எத்தனை என்று மேலே சிவப்பில் தெரியும். அது பூஜ்யம் ஆகும்வரை போனைத் துடைத்துச் சுத்தம் செய்யும் ஆப் எதையும் ஓட்டாதீர்கள்.

என்கிட்ட மேக்கும் இல்ல, ஐபோனும் இல்ல. வெப்கிட்ல எப்படி டெஸ்ட் பண்றது?

கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது. பிளேரைட் என்ற சோதனைக் கருவி குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றையும் இறக்கித் தரும். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்றிலும் தானாகச் சோதனை ஓடுகிறது. லினக்ஸில் க்னோம் வெப் என்ற பிரவுசரும் வெப்கிட் இயந்திரம்தான், கையால் தட்டிப் பார்க்கலாம்.

ஆனால் வெப்கிட் வேறு, கையில் இருக்கும் ஐபோன் வேறு. கீபோர்டு மேலே ஏறி பொத்தானை மறைப்பது, முகப்பில் சேர்த்ததும் சேமிப்பு மாறுவது இதெல்லாம் உண்மையான போனில்தான் தெரியும். வெளியீட்டுக்கு முன் யார் போனையாவது கடன் வாங்கி, எடை எழுதுவது, ரசீது எடுப்பது, ஆஃப்லைன் அனுப்புவது மூன்றையும் செய்துபாருங்கள். பிரவுசர்ஸ்டாக் போன்றவர்கள் திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகத் தரும் தொலைக் கருவிகளும் இருக்கின்றன.

தமிழ் கட்டம் கட்டமா வருது. எந்த பிரவுசரை விடணும்?

எதையும் விட வேண்டாம், அது எழுத்துருச் சிக்கல். விண்டோஸ் 7-ல் லதா, 8-லிருந்து நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஒவ்வொன்றிலும் வேறு. நாங்கள் நோட்டோ சான்ஸ் தமிழை மென்பொருளோடே அனுப்புகிறோம். கட்டம் வந்தால் அந்தக் கோப்பு வந்து சேரவில்லை என்று பொருள்.

நான் எக்ஸ்ப்ளோரர் 11-ல ஓடற மாதிரி பேட்ச் எழுதித் தரேன். சேர்த்துப்பீங்களா?

மாட்டோம். கோபப்படாதீர்கள். ஒருமுறை எழுதுவது உங்கள் வேலை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் அதை உடையாமல் பார்ப்பது எங்கள் வேலை. எக்ஸ்ப்ளோரரைத் தானாகச் சோதிக்க வழி வைத்திருக்கிறீர்களா, உடைந்தால் நீங்கள் வந்து திருத்துவீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2021 ஜூலையில் 5.8 பதிப்போடு அதை விட்டது, பக்கத் தோற்றம் அமைக்கும் பூட்ஸ்டிராப் அதே வருடம் ஐந்தாம் பதிப்பில். அவர்களாலேயே தூக்க முடியாததை நாங்கள் தூக்க முடியாது.

உண்மையிலேயே தேவை என்றால் தனிக் கிளையாக நடத்துங்கள், இணைப்பை எங்கள் முகப்பிலேயே போடுகிறோம். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு 2013-ல் அப்படித்தான் செய்தது. 2.0 பதிப்பில் எக்ஸ்ப்ளோரர் 6, 7, 8-ஐ விட்டது, 1.x கிளையை அவற்றுக்காகப் பக்கத்திலேயே ஓட்டியது.

அப்ப குரோம் 109-ஐயும் ஒருநாள் விட்டுருவீங்களா? எப்போ?

விடுவோம். தேதி குறிக்கவில்லை. அதைச் சுமப்பதால் என்ன வசதி தடைபடுகிறது என்று ஒருவர் எழுதிக் காட்ட வேண்டும். "பழசாயிடுச்சு" என்பது காரணமாகாது. பராமரிப்பவர்களில் ஒருவர் மறுத்தாலும் அந்த முறை விட மாட்டோம். மறுத்தவர் அந்த பிரவுசரில் சோதிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சேர்த்த பிறகு மறுப்புகள் கணிசமாகக் குறைந்துவிட்டன.

விடுவது என்று ஆனால் பெரிய பதிப்பு எண்ணில்தான் விடுவோம், 4.2-லிருந்து 4.3-க்குப் போகும்போது விட மாட்டோம். ஆறு மாதம் முன்னால் அந்த பிரவுசர்களில் மட்டும் திரையில் அறிவிப்பு வரும். மார்ச்சில் செய்ய மாட்டோம், வருடக் கணக்கு முடிக்கும் நேரம். நவம்பரிலிருந்து ஜனவரி வரையும் செய்ய மாட்டோம், மலையில் பழம் பறிப்பு. கல்யாண சீசனுக்கு முன்னால் பட்டறைகள் ராப்பகலாக ஓடும்போதும் கிடையாது. மிஞ்சுவது ஆடி மாதம்தான். பழைய பதிப்பிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு அதற்குப் பிறகு ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். புது வசதி வராது.